பயிற்சி பெற்றவள்

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத மூன்று அறைகள் இருந்தன. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இறங்கிவரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் முதல் அறையில் கழுவுவார்கள். இரண்டாவதில் எண்ணிப் பார்த்து, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றுவார்கள். மூன்றாவதில் மிஷின் இருந்தது. ஆள் உயரக் கதவு வைத்த அந்த மிஷினுக்குள் நீராவியில் வெந்து வந்த பிறகுதான் எந்தக் கருவியும் ஒரு நோயாளியின் உடம்பைத் தொடலாம்.

மூன்று அறைகளுக்கும் அவள்தான் சூப்பர்வைசர். வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். மிஷின் ஓட்டுபவர் மட்டும் தங்கச்சி என்பார். பத்தொன்பது வருடமாக நீராவியோடு குடும்பம் நடத்துகிறவர் என்பதால் அவருக்கு ஆவி அண்ணன் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு நிமிடம் பயந்துபோவார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் பட்டதாரிகளைப் பயிற்றுவிக்கும் அங்கீகாரம் கிடைத்தது. படிப்பு முடித்த மூன்று பேரை அடித்தளத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் பயிற்சி. ஆளுக்கு ஒரு புத்தகம். அதில் நாற்பது வரிகள்; ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, அந்த வேலையைப் பத்து முறை செய்து பழக வேண்டும். பழகியபின் கற்றுக்கொடுத்தவரும் கற்றுக்கொண்டவரும் அந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டும்.

மூவரில் ஒருவன் நிலைப்படியில் தலை இடிக்கும் அளவு உயரம். அவனை நெட்டை என்றார்கள். இன்னொருத்தி வாயே திறக்க மாட்டாள். மூன்றாவது பெண் வந்த முதல் நாளிலேயே, "ஏன் இந்தக் கத்தரிய மட்டும் தொறந்து வெச்சுக் கழுவணும்? ஏன் ரெண்டு துணி சுத்தணும், ஒண்ணு போதாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வந்துவிட்டது.

ஆரம்பத்தில் அக்காவுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. இவர்களை நன்றாக உருவாக்கிவிட வேண்டும் என்று வீட்டில் கணவரிடம்கூடச் சொன்னாள். ஆனால் அடித்தளத்தில் இரண்டு இடங்கள் ஒரு வருடமாகக் காலி. தியேட்டரிலிருந்து ஒரு மணிக்கு நாலு தடவை போன் வரும். மூன்று பட்டதாரிகளும் வந்த இரண்டாவது வாரமே தள்ளுவண்டி தள்ளினார்கள், பஞ்சுத்துணி எண்ணினார்கள், லேபிள் ஒட்டினார்கள். இன்றைக்கு முடியவில்லை, நாளைக்குச் சொல்லித்தருகிறேன் என்று அக்கா தினமும் சொன்னாள். நாளைக்கும் போன் வந்தது.

ஆவி அண்ணன் அவர்களை மிஷின் பக்கமே அண்டவிடவில்லை. அக்கா ஒருமுறை கேட்டபோது, "இவங்களுக்கு நான் கத்துக்குடுத்தா, என் சீட்டக் கிழிக்க நானே கத்தரி எடுத்துக் குடுத்த மாதிரி, தங்கச்சி. நீ வேணும்னா தப்பா நெனச்சுக்கோ" என்றார். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை மதியம், மேனேஜர் மூன்று புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு தானே இறங்கி வந்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் மெல்லியதாகிவிடும்.

"புதன்கிழம பரிசோதகர் வர்றாரு. புத்தகம் எல்லாம் வெள்ளையா இருக்கே, சூப்பர்வைசரம்மா."

"சார், ஆள் இல்ல. அவங்கள வெச்சுத்தான் வேலையே ஓடுது. சொல்லிக் குடுக்க நேரமே..."

"செஞ்சிருப்பாங்க. நீங்க எழுத மறந்திருப்பீங்க. இன்னிக்கு உக்காந்து எழுதிடுங்க. அங்கீகாரம் போனா உங்க செக்‌ஷனத்தான் முதல்ல கேப்பாங்க."

அவர் போனதும் அக்கா சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எட்டு மாதத்துக்கு முன் கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டது. பையன் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தான். வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. ஒரே நாளில் எழுதியதாகத் தெரியக்கூடாது என்று நீல மையில் கொஞ்சம், கறுப்பு மையில் கொஞ்சம் என்று கையெழுத்துப் போட்டாள். மிஷின் சம்பந்தப்பட்ட வரிகளில் கற்றுக்கொடுத்தவர் என்று ஆவி அண்ணன் பெயரை எழுதினாள். அவர் சார்பில் என்று அதையும் அவளே போட்டாள். கை வலிக்கும்போது நிறுத்தி விரலை உதறிக்கொண்டாள்.

பிறகு மூவரையும் கூப்பிட்டாள். நெட்டை பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமலே போட்டான். பேசாதவளும் போட்டாள். வக்கீல் மட்டும் பேனாவை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, முப்பத்தொண்ணாவது வரியில மிஷின்ல தட்டு ஏத்தி ஓட்டினேன்னு இருக்கு. நான் அந்தக் கதவத் தொட்டதே இல்லையேக்கா."

"தெரியும்மா."

"அப்புறம் எப்படி..."

"இந்த ஒரு தடவ கேள்வி கேக்காத. கையெழுத்துப் போடு. பரிசோதன முடியட்டும், நான் உக்கார வெச்சு ஒவ்வொண்ணா சொல்லித் தர்றேன்."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். இந்த இடத்தில் அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்த முகம்தான். போட்டாள்.

புதன்கிழமை பரிசோதகர் வந்தார். புத்தகங்களைப் புரட்டினார், மூன்று அறைகளையும் சுற்றிப் பார்த்தார், திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வேலைப் பட்டியல் ஒட்டினார்கள். ஆவி அண்ணனைச் சலவைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். மிஷின் அறைக்கு நேராக மூன்று பட்டதாரிகளின் ஷிப்ட். அக்கா பட்டியலை இரண்டு தடவை படித்தாள். பிறகு படியேறி மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார், அவங்களுக்கு மிஷின் தெரியாது."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பயிற்சி பெற்ற பட்டதாரி மூணு பேர் இருக்காங்க. நாலாவதா ஒருத்தர நான் எதுக்கு அங்க உக்கார வெக்கணும்னு மேல கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் அந்த அறையிலிருந்து அவள் வேலையோடு வெளியே வர முடியாது. இறங்கி வந்தாள்.

அன்று மதியமே சலவைப் பிரிவுக்குப் போனாள். ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஆவி அண்ணன் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"அண்ணே, தினம் ஒரு மணி நேரம் வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"அதான் நான் ஏற்கெனவே சொல்லிக் குடுத்துட்டேனாமே. முப்பதாவது வரிக்கு அப்புறம் எல்லாம் என் பேர்தானாம், மேனேஜர் காட்டினாரு. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன், இல்ல?"

"எனக்கு வேற வழி தெரியலண்ணே."

"போங்க மேடம். எனக்கு இன்னும் நானூறு விரிப்பு இருக்கு."

தங்கச்சி மேடமாகிவிட்டாள். அவள் திரும்பி நடந்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் அவள் மனுஷியாகவே இல்லை. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தாள், மாலையில் கடைசியாகப் போனாள். கிடைத்த இடைவெளியில் எல்லாம் மூவரையும் மிஷின் முன் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள். தட்டுகளை நெருக்கி அடுக்காதே, நடுவே ஆவி புக வழி வேண்டும். வெளியே ஒட்டிய டேப்பில் கோடு விழுந்தால் மட்டும் போதாது, அது ஆவி பட்டாலே விழும்; தட்டுகளோடு ஒரு சோதனைப் பொட்டலம் வைத்து, அதைப் பிரித்து உள்ளே இருக்கும் வெள்ளைப் பட்டை கறுத்திருக்கிறதா என்று பார். சுற்றாத கருவிக்கு முதல் பொத்தான், அது சீக்கிரம் முடியும். துணி சுற்றிய தட்டுக்கு மூன்றாவது பொத்தான், அதற்கு நேரம் அதிகம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்பது மறந்திருக்கும். வக்கீல்தான் எடுத்துக்கொடுப்பாள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "அக்கா, எனக்கு பயமா இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். "எனக்கும்தான்" என்று சொல்ல வந்த அக்கா, "போகப் போகப் பழகிடும்" என்றாள்.

ஒன்றை அக்கா சொல்லவே இல்லை. அந்த மூன்றாவது பொத்தான் தேய்ந்துபோனது. அழுத்தி, மூன்று எண்ணும்வரை விரலை எடுக்காமல் இருந்தால்தான் பிடிக்கும். இல்லாவிட்டால் மிஷின் தானாக முதல் பொத்தானுக்குப் போய்விடும். ஆவி அண்ணனின் விரலுக்கு அது தெரியும். அவளுடைய விரலுக்கும் தெரியும். விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. அப்படி அழுத்துகிறோம் என்பதே அவள் நினைவில் இல்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, மேனேஜர் அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். அடுத்த வருடம் பத்துப் பட்டதாரிகளை எடுப்பது பற்றிய கூட்டம். நெட்டைக்குக் காய்ச்சல், பேசாதவளுக்கு விடுமுறை. வக்கீல் தனியாக இருந்தாள். தியேட்டரில் மூன்று ஹெர்னியா ஆபரேஷன் தட்டுகள் அவசரமாகக் கேட்டார்கள். அவள் அடுக்கினாள், கதவைப் பூட்டினாள், மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். மிஷின் ஓடியது. முடிந்தது என்று சீட்டும் வந்தது. வெளியே டேப்பில் கோடு விழுந்திருந்தது. சோதனைப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை நீட்டியபோது தியேட்டரிலிருந்து மறுபடியும் போன். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டோம், தட்டு எங்கே என்று கத்தினார்கள். தட்டுகளை வண்டியில் வைத்து லிப்டில் மேலே அனுப்பினாள். திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். பட்டை வெள்ளையாக இருந்தது.

கூட்ட அறையில் அக்காவின் போன் அதிர்ந்தது. எடுத்தபோது அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு, "அக்கா, பட்டை கறுக்கல. தட்டு போயிடுச்சு. தியேட்டர்ல போன் எடுக்க மாட்டேங்குறாங்க."

அவள் எழுந்து ஓடினாள். தியேட்டர் நாலாவது மாடி. லிப்டில் நோயாளி படுக்கை நின்றது; படியில் ஓடினாள். தியேட்டர் வாசலில் இருக்கும் சிவப்புக் கோட்டை வெளி உடையோடு தாண்டக்கூடாது என்ற விதியெல்லாம் நினைவில் இல்லை. முதல் தியேட்டரில் சிஸ்டர் அப்போதுதான் தட்டைப் பிரித்து, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் வைக்கும் அதே மாதிரிப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது வெள்ளையா இருக்கு. என்ன வேல பாக்குறீங்க கீழ?" மூன்றாவது தட்டு வண்டியிலேயே இருந்தது. இரண்டாவது தியேட்டரில் யாரும் பட்டையைப் பார்க்கவில்லை. அங்கே ஏற்கெனவே கத்தி போட்டுவிட்டார்கள்.

படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். நாற்பது வயது. ஆபரேஷனை முடித்துத் தைத்து, பலமான மருந்து ஏற்றி, வார்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றும் ஆகாமல்கூட இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை அக்கா வீடுவரை சுமந்துகொண்டு போனாள்.

கணவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்து வீட்டு மேனேஜர் நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பவர். அவள் சொல்லச் சொல்ல, கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீர் சொட்டுவது எப்போதோ நின்றிருந்தது.

"விசாரணைல கேட்டா உண்மைய சொல்லிடப் போறேன்" என்றாள்.

"சொன்னா என்ன ஆகும்?"

"தெரியல."

"தெரியும். நாம ரெண்டு பேரும் வீட்டு மேனேஜர் ஆயிடுவோம். ஒரு வீட்டுக்கு ரெண்டு மேனேஜர் எதுக்கு?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியது. அக்கா ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வார்டுக்குப் போனாள். படுக்கையின் பக்கத்தில் அவர் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சீருடையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னாங்கம்மா. இப்ப மறுபடியும் தொறக்கணும்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. இவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, அதனாலயா?"

அக்கா தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். பிறகு அதே இடத்தில் திருப்பி வைத்தாள். "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். அறையை விட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் விசாரணை. மேனேஜர், ஒரு டாக்டர், பணியாளர் பிரிவிலிருந்து ஓர் அம்மா. எதிரே வக்கீல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் மெல்லிய குரலில் படித்தார். "இந்த வேலைய மூத்தவர் முன்னால பத்து தடவ செஞ்சு பழகியிருக்காங்க. அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதனால இது தெரியாம செஞ்சதில்ல, கவனக்குறைவு. பயிற்சிய ரத்து பண்ணி அனுப்பிடலாம். உங்க பக்கம் சொல்ல ஏதாவது இருக்காம்மா?"

எதற்கும் ஏன் என்று கேட்கும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவைப் பார்க்கக்கூட இல்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது அக்காவுக்குப் புரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், அவ பத்து தடவ செய்யல. ஒரு தடவகூட செய்யல. மூணு புத்தகத்துலயும் எல்லா வரியும் நான் ஒரே மதியத்துல எழுதினது. ஆவி அண்ணன் கையெழுத்தும் நான் போட்டதுதான். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் போட வெச்சேன். நீங்கதான் எழுதச் சொன்னீங்க."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். மேனேஜர் புத்தகத்தை மூடினார். பிறகு இன்னும் மெல்லிய குரலில், "விட்டுப்போனத எழுதுங்கன்னு சொன்னேன். நடக்காதத எழுதச் சொன்னேனா?" என்றார். "அப்ப, நடக்காத ஒண்ண நடந்ததா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரி."

அந்த 'சரி'யில் எல்லாம் முடிந்துபோயிற்று. அக்காவை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக அந்தப் பெண்ணையும் அனுப்பினார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் அங்கீகாரம் பறிபோனது. நெட்டை ஒருநாள் போன் செய்தான். "அக்கா, எங்க ஆறு மாசமும் செல்லாதாம். சர்ட்டிபிகேட் கெடையாதாம். நான் வீட்டுல என்ன சொல்லட்டும்?" அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் உண்மையாகவே யோசனை கேட்டான். 

வேலையிலிருந்து நிறுத்திவைத்த மூன்றாம் நாளே அவள் டிரைவரின் மனைவியை வார்டு வாசலில் சந்தித்து நடந்ததைச் சொன்னாள். அந்த மனைவி முழுவதும் கேட்டாள். அழவில்லை, அடிக்க வரவும் இல்லை. "அப்ப அவருக்கு சர்க்கரையால இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டாவது முறை திறந்து, வயிற்றுத் தசையைத் தாங்க உள்ளே வைத்திருந்த வலையை எடுத்து, ஒன்றரை மாதம் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பெரிய வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள்.

வக்கீல் போனை எடுக்கவே இல்லை. பத்துப் பன்னிரண்டு முறை முயன்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். இரண்டு பஸ் மாறி, ஒரு பழைய பிளாட் வரிசையின் பின்பக்கத்தில் இருந்த வீடு. கம்பிக் கதவைத் தட்டினாள். அந்தப் பெண்ணே வந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளைச் சீருடை இல்லாமல் பார்த்தாள். பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். கதவைத் திறக்கவில்லை.

"உன்னப் பாத்து மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேம்மா."

"கேட்டுட்டீங்களா?"

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேற எடம் எங்கயாவது பாத்தியா?"

"ரெண்டு எடத்துல கேட்டேன். முன்னாடி பயிற்சி எடுத்த எடத்துல ஏன் முடிக்கலன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு லேப் இருக்கு. நான் வேணும்னா பேசிப் பாக்குறேன்."

"நீங்க பேசினா குடுப்பாங்களா, அக்கா?" என்று அவள் கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

 மேல்மாடியில் யாரோ எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ரூம்ல நீங்க உண்மைய சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள் அந்தப் பெண். "சொன்னீங்க. சரிதான். ஆனா அன்னிக்கு சாப்பிடற நேரத்துல, நான் மொதல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாம். நான் உங்கள நம்பித்தான் போட்டேன். உங்களத் தவிர அங்க வேற யாரையும் நம்பல."

 அந்தப் பெண் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு நாளைக்கு என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

உள்ளே அறையிலிருந்து ஓர் ஆண் குரல், "யாரும்மா அது?" என்றது.

அவள் திரும்பாமலே பதில் சொன்னாள். "யாரும் இல்லப்பா. வீடு மாறி வந்துட்டாங்க."

உள்ளே போய் மரக் கதவையும் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். விரல்களில் துரு ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வந்த வழி எது என்று பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.